வரிசையில் கிடைத்த உறவுகள்

(நம் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக.)



“புற்றுநோய் விழிப்புணர்வு பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் மேடம்” என்றார் செயலாளர். விழிப்புணர்வு பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்து, 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது என் உடம்பும், என்னோடு வரிசையில் நின்ற மனிதர்களும்தான். அதைச் சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால் முதலில் வருவது பழக்கூடை. அடுத்து வருவது ஒரு முகவரி. “அங்கே ஒரு வைத்தியர் இருக்கிறார், போய்ப் பாருங்களேன்.” எல்லாம் அன்பில் வருவதுதான். எனக்கும் வந்தது.

எனக்கு 2017-ல் மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, எட்டு கீமோ, பிறகு ரேடியேஷன். என் நாத்தனார் கொடுத்த முகவரி கர்நாடகாவில், ஷிவமொக்கா மாவட்டம் சாகரா தாலுகாவில் உள்ள நரசிபுரா. மரப்பட்டைகளும் பொடியும் கொடுக்கும் நாட்டு வைத்தியர் ஒருவர் அங்கே இருந்தார். 2020-ல் காலமாகிவிட்டார். என் டாக்டரிடம் ஒளிக்காமல் கேட்டேன். “கீமோ நடக்கும்போது எதுவும் வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே மாற்றிவிடும், சில ஈரலைக் கெடுக்கும். எல்லாம் முடிந்தபின் போவதென்றால் போங்கள். நான் தரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஈரல் டெஸ்ட் எடுத்து எனக்குக் காட்ட வேண்டும்” என்றார். அதன்படியே 2018-ல் நானும் வீட்டுக்காரரும் நான்கு முறை போய் வந்தோம்.

பெங்களூரிலிருந்து தாளகுப்பா போகும் இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது ஆனந்தபுரா. அங்கிருந்து ஆட்டோ. மருந்து தருவது வியாழனும் ஞாயிறும்தான் என்பதால் முந்தின நாள் இரவே வரிசை ஆரம்பித்துவிடும். தெலுங்கு, இந்தி, கன்னடம், மராத்தி, தமிழ் என்று எல்லாம் கேட்கும். ஒருவர் டீ குடிக்கப் போனால் அவர் பையை அடுத்தவர் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் இருந்தபோது என்னைப் பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். “எப்படிங்க வந்தது?” என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த வரிசையில் யாரும் அதைக் கேட்கவில்லை. “எந்த ஊர்?” என்று கேட்கிற மாதிரி “எத்தனை கீமோ முடிந்தது?” என்று கேட்டார்கள். முடி கொட்டியதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வருடமாக நான் சிரிக்காத சிரிப்பை அங்கேதான் சிரித்தேன்.

கற்றுக்கொண்டதும் நிறைய. அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. விசாகப்பட்டினத்து டீச்சர் ஒருவர் சுவர் ஓரமாக நிற்க வைத்து, விரல்களாலேயே சுவரில் ஏறும் பயிற்சியைச் செய்து காட்டினார். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடக்கூடாது, கனமான பை தூக்கக்கூடாது என்றும் சொன்னார். மருத்துவமனையில் இவற்றை எல்லாம் ஒரு காகிதத்தில் கொடுத்திருந்தார்கள். ஆனால் அனுபவித்தவர் கையைப் பிடித்துச் சொன்னபோதுதான் செய்தேன்.

இரண்டாவது முறை போனபோது சாகராவில் தங்கிய லாட்ஜில் கொங்குப் பக்கத்துப் பெண் ஒருத்தி பக்கத்து அறையில் இருந்தாள். வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள். கட்டி சிறியது, உடனே ஆபரேஷன் செய்யலாம் என்று மருத்துவமனையில் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. பட்டைக் கஷாயத்திலேயே கரைந்துவிடும் என்று காத்திருந்தாள். பேசிப் பார்த்ததில் அவள் பயம் சாவைப் பற்றியது இல்லை. “அக்கா, ஆபரேஷன் பண்ணுனா பாக்கவே ரொம்ப அசிங்கமா இருக்குமுங்களா?” என்றாள். நான் கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையைக் கழற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். தழும்பைத் தொட்டாள். “இவ்வளவுதானுங்களா?” என்றாள். அடுத்த வாரம் கோயம்புத்தூரில் அட்மிட் ஆனாள். போன பொங்கலுக்கும் அவளிடமிருந்து வாழ்த்து வந்தது.

இன்னொருவன் தாவணகெரே பையன், இருபத்தாறு வயது. ஓசூரில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவான், என்னை ‘ஆன்ட்டி’ என்பான். அவனுக்கு ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்று. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் புற்றுநோய்களில் அது ஒன்று. மூன்று கீமோவோடு வாந்தி தாங்காமல் நிறுத்திவிட்டான். “இந்த மருந்துக்கு வாந்தியே இல்லை ஆன்ட்டி” என்று சந்தோஷப்பட்டான். வாந்திக்கே மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேள் என்று நானும் டீச்சரும் எவ்வளவோ சொன்னோம். நான்காவது முறை நாங்கள் போனபோது அவன் அண்ணன் மட்டும் வந்திருந்தார். மருந்து வாங்க வரவில்லை. மீதமிருந்த பட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். குணமானேன் என்று சொல்ல ஆள் வருவார். குணமாகாதவர் வந்து சொல்ல மாட்டார். வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத லெட்ஜர் அது. அப்படிப்பட்ட லெட்ஜரை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையிலேயே வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட 281 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் இறக்கும் ஆபத்து 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் 5 மடங்குக்கும் மேல்.

“அப்படியென்றால் மூலிகையில் மருந்தே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் பி பிளாக் வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் வந்தது. எனக்கு ஏற்றிய பேக்லிடாக்சலும் முதலில் அமெரிக்காவின் ஒரு மரத்துப் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். அந்தப் பட்டையில் எது மருந்து, யாருக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை பேருக்குக் கேட்டது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான். அதற்காக நித்தியகல்யாணி இலையை யாரும் பறித்துத் தின்றுவிடாதீர்கள், அது விஷம்.

கஷாயத்தால் எனக்கு என்ன பலன் என்று பலர் கேட்கிறார்கள். கத்தி, கீமோ, ரேடியேஷன், மாத்திரை எல்லாம் சேர்ந்த கணக்கில் கஷாயத்தின் பங்கு என்ன என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நரசிபுரா போனதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே எனக்குக் கிடைத்தது துணை. அந்தத் துணை எனக்கு இந்த ஊரிலேயே கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அதனால்தான் இன்று பேசவே ஒப்புக்கொண்டேன்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: யாருக்காவது நோய் என்றால் முகவரி கொடுப்பதற்கு முன், “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேளுங்கள். வேறு மருந்து சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். திட்டினாலும் பரவாயில்லை.

இரண்டு: அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் கட்டணம் கிடையாது. துணைக்குப் போகிறவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பலர் இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள்.

மூன்று: கீமோ நாள் அன்று துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். தழும்பைப் பார்க்க வேண்டும் என்றாலும் வாருங்கள், கதவைச் சாத்திவிட்டுக் காட்டுகிறேன். என் ஃபிளாட் நம்பர் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவேன், மற்ற நேரம் எப்போது வேண்டுமானாலும் மணி அடிக்கலாம்.