வருகைப் பருவம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எனக்கு ஆணையிட்டார். நான் புலவன் அல்லன். அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். என்னால் பொருள் உணர்ந்து கூறத்தக்க நூல்வகை ஒன்றே உண்டு, அது பிள்ளைத்தமிழ். அதையும் ஏட்டில் கற்றது சிறிது. நான்கு ஆண்டுகளாக என் வீட்டில் ஓடியாடும் ஒரு பெண்குழந்தையிடம் கற்றதே மிகுதி. ஆகவே நூலையும் குழந்தையையும் ஒருங்கே வைத்துச் சில சொல்ல விழைகின்றேன்.

பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து என்பதை அறிவீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. இறுதி மூன்று மட்டும் வேறுபடும். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் இப்பருவங்கள் வரும் என்று பாட்டியல் நூல்கள் கணக்கிடும். வேறு கணக்குக் கூறுவாரும் உளர். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தலைநிமிர்த்தி முகமசைத்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வருவது வருகை. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கிப் பாடினார். மன்னனாயினும் தெய்வமாயினும், தவழாமல் நடந்ததாகவோ கேளாமல் பேசியதாகவோ புலவர் பாடவில்லை. குழந்தை வளரும் முறையை அவர்கள் அவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கின்றனர்.

புலவர்கள் கண்ணால் நோக்கியதை இக்கால அறிஞர்கள் அளந்தும் நோக்கியுள்ளனர். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டது. அவற்றுள் இந்தியக் குழந்தைகள் யாவரும் நாம் வாழும் இந்தத் தில்லி மாநகரின் தென்பகுதியில் வளர்ந்தவர்கள் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது. பிடிப்பின்றித் தானே உட்கார்வது 3.8 மாதத்திற்கும் 9.2 மாதத்திற்கும் இடையில் எப்போதும் நிகழலாம். கையும் முழந்தாளும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதம் வரை. தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்குச் சற்று மிகுதியானோர் அவ்வாறு தவழவே இல்லை, ஆயினும் நடந்தார்கள். ஒரு குழந்தைக்கும் மற்றொரு குழந்தைக்கும் இடையே இயற்கை எத்துணை விரிந்த இடம் விட்டிருக்கிறது, பாருங்கள்!

இதனை அறியாமல் நான் பட்ட பாட்டை இனிக் கூறுகின்றேன். எங்களுக்கு அவள் தலைக்குழந்தை. திருநெல்வேலியிலிருந்து வந்த என் தாயார் மூன்று மாதம் உடனிருந்து, குளிப்பாட்டவும் உரைமருந்து கொடுக்கவும் என் மனைவிக்குக் கற்பித்துவிட்டு ஊர் திரும்பினார். அதன்பின் எங்கள் குடியிருப்பில் எங்களுக்கு அளவுகோலாக அமைந்தது எதிர்வீட்டுக் குழந்தை. அது எங்கள் மகளுக்கு இரண்டு வாரம் மூத்தது; ஆறாம் மாதமே உட்கார்ந்தது; பத்தாம் மாதமே நடந்தது. எங்கள் மகளோ எட்டாம் மாதத்தில்தான் உட்கார்ந்தாள், தவழவே இல்லை. தில்லிக் குளிரில் இரண்டு கம்பளிச் சட்டையும் காலுறையும் அணிவித்துக் கட்டிலில் கிடத்திவிட்டு, "இன்னும் நகரவில்லையே" என்று ஏங்கினோம்! மூட்டை போல் கட்டப்பட்ட குழந்தை எவ்வாறு நகரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நண்பர் ஒருவரின் சொற்கேட்டு, குழந்தையை உள்ளே இருத்தி உருட்டும் சக்கர நாற்காலியொன்றை வாங்கினேன். அது நடையைக் கற்பிக்காது, விபத்துக்கும் இடமாகும் என்று மருத்துவர் கூறிய பின்னரே விலக்கினேன். கானடா நாடு 2004-ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது என்பதைப் பிறகு அறிந்தேன். நம் ஊர்த் தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியோ வேறு வகை. அதில் குழந்தை தன் காலில் தானே நின்று, தானே பிடித்துத் தள்ளவேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் நிற்கவும் வேண்டும்.

பதினைந்தாம் மாதத்தில் ஒருநாள் மாலை அவள் கட்டிலை விட்டு மூன்றடி வைத்தாள். வீட்டில் திருவிழா! குழந்தை கவிழ்ந்தால் ஒரு பலகாரம், வாயிற்படி தாண்டினால் ஒரு பலகாரம் என்று செய்து அக்கம்பக்கத்தார்க்கு வழங்கும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டல்லவா? நாங்களும் கொழுக்கட்டை செய்து மூன்று மாடிக்கும் வழங்கினோம். அதனைக் காண என் தாயாரும் ஊரிலிருந்து வந்திருந்தார்.

அவர் வந்த இரண்டாம் நாள் நிகழ்ந்தது இது. கூடத்தில் குழந்தை பொம்மையோடு விளையாடிக் கொண்டிருந்தாள். தாயார் அவளுக்குப் பின்னே அமர்ந்து, உரக்க அல்லாமல், இயல்பான குரலில் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் திரும்பவில்லை. மறுபடி அழைத்தார்; திரும்பவில்லை. சுற்றி வந்து முகத்தெதிரே அமர்ந்ததும் சிரித்துக்கொண்டே கைநீட்டினாள். தாயார் என்னை நோக்கி, "எய்யா, புள்ளைக்குக் கால் வந்துட்டு, காது வந்திருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டார்.

அக்கேள்வி எனக்குச் சினம் மூட்டியது. கதவு அடித்துக் கொண்டால் அவள் திடுக்கிடுவாள். தட்டு விழுந்தால் திரும்பிப் பார்ப்பாள். செவி கேளாதவள் அவ்வாறு செய்வாளா என்று வாதிட்டேன். ஆறாம் மாதத்தில் எழுப்பிய ஒலிகளையே பதினைந்தாம் மாதத்திலும் எழுப்பினாளே, ஒரு சொல்லும் வரவில்லையே என்பதற்கும் என்னிடம் விடை இருந்தது. "அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம், இது குடும்ப வழக்கம்" என்றேன். "வீட்டில் தமிழ், வெளியே இந்தி, இரண்டு மொழியால் குழந்தை குழம்புகிறது" என்று அண்டை வீட்டார் சொன்னதையும் சேர்த்துக் கொண்டேன். தாயார் மேலும் வாதிடவில்லை; ஆனால் விடவுமில்லை.

பதினாறாம் மாதத்தில் சோதனை நடந்தது. குழந்தை உறங்கும்போது தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, ஒலிக்குச் செவிநரம்பு விடையிறுக்கிறதா என்று கருவியால் அளந்தார்கள். இரு செவிகளிலும் நடுத்தரக் குறைபாடு என்று தெரிந்தது. உரத்த ஓசை எட்டும். மென்மையான பேச்சு எட்டாது. கதவு ஓசைக்குத் திரும்பியவள் தாயின் அழைப்புக்குத் திரும்பாமல் இருந்ததன் காரணம் இதுவே. நாங்கள் ஏமாந்ததன் காரணமும் இதுவே. அவள் பிறந்த மருத்துவமனையில் செவிச்சோதனை செய்யவில்லை. செய்யவேண்டுமென்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

அன்பர்களே! அன்றிரவு பிள்ளைத்தமிழை எடுத்து வருகைப் பருவத்தைப் படித்தேன். அதுவரை வருகை என்றால் நடை என்றே எண்ணியிருந்தேன். அன்றுதான் விளங்கிற்று. அப்பருவத்தில் தாய் அழைக்கின்றாள், குழந்தை வருகின்றது. அழைப்பு இல்லாமல் வருகை இல்லை. செவி இல்லாமல் அழைப்பு இல்லை. பதினைந்து மாதம் நான் கால்களையே பார்த்துக் கொண்டிருந்தேன். அதுவும் என் குழந்தையின் கால்களை அல்ல. எதிர்வீட்டுக் குழந்தையின் கால்களை!

செவியின் வேலை பேச்சுக்கு நெடுநாள் முன்னரே தொடங்கிவிடுகிறது. பிறந்து சில நாளே ஆன சிசு, பிற பெண்டிரின் குரலினும் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்று அமெரிக்க அறிஞர்கள் 1980-ஆம் ஆண்டில் சோதித்துக் காட்டினர். 1984-ஆம் ஆண்டில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் கானடாவில் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இந்தியில் உள்ள தகர டகர ஒலி வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் எளிதாகப் பிரித்தறிந்தன. ஓராண்டு நிரம்பும் தறுவாயில் அவற்றுட் பெரும்பாலானவை அவ்வாற்றலை இழந்திருந்தன. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளோ இழக்கவில்லை. வாய் திறக்குமுன்பே குழந்தை தன் தாய்மொழிக்குச் செவியைப் பதப்படுத்திக் கொள்கிறது. அந்தப் பருவத்தில் செவி மூடியிருந்தால் இழப்பு எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பெற்றோர்க்கு நான் சொல்லக் கூடியது இரண்டு. முதலாவது, நடையிலும் தவழ்தலிலும் பொறுமை கொள்க. குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ணுக. உறங்கும்போது மல்லாத்திப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் அருகிருக்க, தரையில் குப்புறக் கிடத்தி விளையாட விடுங்கள். இரண்டாவது, செவியிலும் பார்வையிலும் பொறுமை வேண்டா. பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச்சோதனை, ஐயமிருப்பின் மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதே மருத்துவர் வகுத்த நெறி. முதற்சோதனை குழந்தைக்கு நோவு தராதது. சில நிமிடங்களில் முடிவது. இரண்டு மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா? ஆறேழு மாதத்தில் ஓசை வந்த திசைக்குத் திரும்பவில்லையா? பத்து மாதத்தில் பெயர் சொன்னால் நோக்கவில்லையா? கற்ற ஒன்றைக் குழந்தை எந்த வயதிலேனும் இழந்துவிட்டதா? அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இராதீர்கள். 2013-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தில், செவிக்குறை உள்ளிட்ட குறைகளைக் கண்டறியும் சோதனைக்கு ஏற்பாடு உண்டு.

இரு மொழியால் குழந்தை குழம்பும் என்னும் அச்சத்தையும் விட்டொழியுங்கள். இரு மொழிச் சொற்களையும் கூட்டி எண்ணினால், இரு மொழிக் குழந்தை பின்தங்கியதன்று. எங்கள் மகளுக்குக் கருவி பொருத்திய பின், "இனி இந்தி ஒன்றே பேசுங்கள்" என்று அறிவுரை கூறியவர் உண்டு. பேச்சுப் பயிற்சி அளித்த அம்மையாரோ, "உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் தடையின்றி வருமோ அந்த மொழியில் பேசுங்கள்" என்றார். அவர் வங்காளத்தார்; அவர் சொன்னது எங்கள் தமிழைக் காத்தது. தொலைக்காட்சிப் பெட்டி இதற்கு ஈடாகாது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியை நேரில் பேசிக் காட்டியபோது அதன் ஒலிகளைக் கற்றன, அதனையே திரையில் காட்டியபோது கற்கவில்லை என்று 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது.

பதினேழாம் மாதத்தில் கருவி பொருத்தினோம். முதற் சில வாரம் பிடுங்கி எறிந்தாள். மறுபடி மறுபடி பொருத்தினோம். ஒருநாள் காலை, அடுக்களையில் நின்றபடியே என் மனைவி, குரலை உயர்த்தாமல், அவள் பெயரைச் சொன்னாள். கூடத்தில் முதுகு காட்டி அமர்ந்திருந்த குழந்தை திரும்பினாள், எழுந்தாள், அடுக்களை நோக்கித் தளர்ந்து தளர்ந்து நடந்து வந்தாள். எங்கள் வீட்டில் வருகைப் பருவம் அன்றுதான் தொடங்கிற்று. அன்று நாங்கள் பலகாரம் செய்யவில்லை. செய்யும் நிலையில் இருவரும் இல்லை.

இன்று அவளுக்கு வயது நான்கு. நிறையப் பேசுகின்றாள். பழத்தைப் 'பயம்' என்கின்றாள். அவ்வயதில் நம் குழந்தைகள் பலரும் அவ்வாறே சொல்வர். பத்து மாதம் முந்திக் கண்டறிந்திருந்தால் பயிற்சி இன்னும் எளிதாக இருந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அவ்வருத்தம் இங்குள்ள வேறு எவர்க்கும் வாராதிருக்க வேண்டும் என்றே இதனைச் சபையில் கூறினேன்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். ஊரில் இருந்தால் குழந்தையைப் பார்க்க அத்தை வருவாள், சித்தி வருவாள், தெருவே வரும். இங்கே இளந்தம்பதியர் தனித்து வாழ்கின்றனர். ஆகவே நம் சங்கத்துத் தாய்மார்களும் மூத்தோரும், பிள்ளை பெற்ற வீடுகளுக்கு மாதம் ஒருமுறையேனும் சென்று வாருங்கள். "இன்னும் நடக்கவில்லையா?" என்று கேளாதீர்கள். குழந்தையின் பின்னே அமர்ந்து, மெல்லப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். அது திரும்பினால் வாழ்த்துங்கள். திரும்பாவிட்டால், என் தாயாரைப் போல, பெற்றோர் சினந்தாலும் சொல்லிவிடுங்கள்.