கார் இருக்கை: தைப்பதா, மாற்றுவதா?

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் குஷன் கடைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை)



"பழுதான கார் இருக்கையைத் தைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கிள்ளானில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குஷன் கடை வைத்திருப்பவன் நான். தைத்தால்தான் எனக்கு வருமானம். ஆகவே, எல்லாவற்றையும் தைக்கலாம் என்றுதான் நான் சொல்வேன் என நீங்கள் நினைக்கலாம். ஆனால், எதைத் தைக்கலாம், எதைத் தைக்கவே கூடாது என்று பிரித்துச் சொல்லத்தான் இங்கு வந்திருக்கிறேன்.

கார் இருக்கையை நம் உடம்பு போல நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தோல், அதற்குள் சதை, அதற்குள் எலும்பு, ஊடே நரம்பு. எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் தோல். துணி, செயற்கைத் தோல், உண்மையான தோல் எதுவானாலும் நம் ஊர் வெயிலில் நாள் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும் காரில் அது காய்ந்து வெடிக்கத்தான் செய்யும். பெரும்பாலும் முதலில் கிழிவது ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க ஓரம். ஏறும்போதும் இறங்கும்போதும் நாம் உரசுவது அந்த இடத்தில்தானே! இதற்காக யாரும் இருக்கையை மாற்ற வேண்டாம். கிழிந்த துண்டை மட்டும் பிரித்தெடுத்து, அதே அளவில் வெட்டித் தைத்துவிடலாம். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது சதை, அதாவது உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு. பல வருடம் உட்கார்ந்து அது அமுங்கிப் போனால் உடம்பு ஒரு பக்கம் சாயும், இடுப்பு வலிக்கும். இதையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. "நல்லா மெத்து மெத்துன்னு போடுங்க அண்ணே" என்று சிலர் கேட்பார்கள். மெத்தை மாதிரி போட்டால் விபத்தின்போது உடம்பு கீழே அமிழ்ந்து, இருக்கை வாருக்கு அடியில் வழுக்கிப் போகும். இடுப்பு எலும்பில் பிடிக்க வேண்டிய வார் வயிற்றை அழுத்தும். ஆகவே, பழைய பஞ்சின் கெட்டியும் உயரமும் எப்படியோ அப்படியே புதியதும் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது என் வேலை. இனிமேல் சொல்லப்போவது நான் திருப்பி அனுப்பும் வேலை.

எலும்பு என்றால் இரும்புச் சட்டம், சாய்மானத்தைப் பிடிக்கும் பூட்டு, இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம், தரையில் இறுக்கும் போல்ட்டுகள். பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து மோதினால் நம் முதுகைத் தாங்குவது தோலும் பஞ்சும் அல்ல, இந்தச் சட்டம்தான். பல கார்களில் இருக்கை வாரின் கொக்கியும் இந்தச் சட்டத்தோடுதான் பூட்டப்பட்டிருக்கும்.

என் நண்பர் ஒருவருடைய காரில் தண்டவாளத்தின் பூட்டு தேய்ந்து போயிருந்தது. பட்டறையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். செலவும் குறைவு, அவருக்கும் மகிழ்ச்சி. ஒரு நாள் மேட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றுவிட்டுக் கிளம்பியபோது வெல்டிங் விட்டுப்போய், இருக்கை அவரோடு சர்ரென்று பின்னால் ஓடிவிட்டது. பிரேக் காலுக்கு எட்டவில்லை. பின்னால் வண்டி இல்லாததால் பிழைத்தார். வெல்டிங் சூடு பட்டால், பதப்படுத்திய இரும்பு தன் பலத்தை இழந்துவிடும். பார்வைக்கு ஒட்டியது போலிருக்கும், பாரம் தாங்காது. ஆகவே சட்டம் வளைந்தாலோ, பூட்டு ஒரு பக்கம் மட்டும் பிடித்தாலோ, உட்கார்ந்து அசைத்தால் "டக் டக்" என்று ஆடினாலோ, முதலில் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் அந்தப் பாகத்தை மாற்றுங்கள். தனியாகக் கிடைக்கவில்லையா, இருக்கையையே மாற்றுங்கள்.

புது இருக்கை விலை தாங்காது என்பவர்கள் ஹாஃப் கட் கடைக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் அதே ரகக் கார், அதே காலத் தயாரிப்பு, அதே மின் இணைப்பு என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் கார் எங்கே அடிபட்டது, காற்றுப்பை வெடித்ததா என்றும் கேளுங்கள்.

நான்காவது நரம்பு. இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் காரின் முன்னிருக்கைகளுக்குத் தோல் உறை போடச் சொன்னார். நானும் சுற்றிலும் இறுக்கமாக, அழகாகத் தைத்துக் கொடுத்தேன். மனிதருக்குப் பரம திருப்தி. சில வாரம் கழித்து வேறொருவர் அதே ரகக் காரைக் கொண்டுவந்தார். சாய்மானத்தின் ஓரத்தில் காற்றுப்பை என்று எழுதிய சிறு அடையாளம் இருந்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. பக்கவாட்டுக் காற்றுப்பை அந்த ஓரத்துத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் வர வேண்டும். அந்த இடத்தை நான் கெட்டியான நூலால் தைத்து மூடியிருந்தேன்!

அன்று மாலையே ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, நான் தைத்தது தவறு. காரைக் கொடுங்கள், பிரித்துவிடுகிறேன்" என்றேன். பிரித்து, காசையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "தெரிந்தபின் மறைக்காமல் வந்தாயே, அது போதும்" என்றார். அன்றிலிருந்து அந்த அடையாளத்தைத் தேடிப் பார்க்காமல் நான் ஊசியை எடுப்பதில்லை. கடையில் ஆயத்தமாகத் தொங்கும் உறைகளுக்கும் இதே விதிதான். பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள இருக்கைக்கென்று செய்ததா எனக் கேட்டு வாங்குங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால், வீட்டில் நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். அது பெரும்பாலும் காற்றுப்பையின் இணைப்பு. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து தொடத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும் இது பொருந்தும். 2021 டிசம்பரில் ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் வந்த வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. பஞ்சை வெயிலில் காயவைத்தால் வெளியே காய்ந்துவிடும், உள்ளே பூஞ்சணம் இருக்கும். பஞ்சை மாற்றலாம். ஆனால் வாரின் பூட்டுக்குள்ளும் மின் இணைப்புக்குள்ளும் சேறு போயிருந்தால் அவற்றையும் மாற்றியே ஆக வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகள் உட்காரும் தனி இருக்கை. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களில் இது கட்டாயம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அது வேண்டும். "அண்ணே, இந்த வாரைக் கொஞ்சம் தைத்துக் கொடுங்க" என்று தாய்மார்கள் கொண்டுவருவார்கள். மேல் துணி கிழிந்திருந்தால், அதே நிறுவனத்தின் மாற்றுத் துணியை வாங்கிப் போடுங்கள். வார் அறுந்திருந்தாலோ பிளாஸ்டிக்கில் விரிசல் இருந்தாலோ நான் தொடமாட்டேன். கடும் விபத்தில் சிக்கிய பிள்ளை இருக்கை வெளியே முழுசாகத் தெரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும். உள்ளே விட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது. உறவினர் கொடுத்த பழைய இருக்கை என்றால், அது விபத்தில் சிக்கியதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

நேயர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணுக்கும் உட்காரும் சுகத்துக்கும் உரிய பழுது என்றால் தையுங்கள். சிக்கனம் நல்லதுதான். உயிரைத் தாங்கும் பாகத்தில் பழுது என்றால் மாற்றுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் காசு மிச்சமே அல்ல. தீர்மானிக்கத் தெரியவில்லையா? கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் பிள்ளையை இதில் உட்கார வைப்பீர்களா?" அவர் பதில் சொல்லத் தயங்கினால், காரை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள். அது என் கடையாக இருந்தாலும் சரி.