இடிந்தகரையும் நாமும்



கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து, 2012 செப்டெம்பர் 13 ஆம் நாள் இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கி நின்றனர். அவ்வறப்போரில் ஈடுபட்ட ஆயிரக்கணக்கானோர் மீதும், வழிநடத்திய சுப. உதயகுமார் மீதும் சாற்றப்பட்ட குற்றம் யாது? இராசத்துரோகம்! 1922 இல் காந்தியடிகளைச் சிறைக்கு அனுப்பிய அதே 124ஏ பிரிவு. அவரை 1927 இல் அழைத்து உபசரித்தவர்கள் நம் யாழ்ப்பாணத்து இளைஞர்களே.

“நம் கடலை இழுவைப்படகால் வாரும் இந்திய மீனவருக்காகவா பேசுகிறாய்?” என்று நெடுந்தீவுத் தொழிலாளர் கேட்கலாம். நியாயமான கோபந்தான். ஆனால் இவ்வழக்குகளில் கூண்டேறியது இழுவைப்படகன்று; உலைநீர் தம் கடலைக் கெடுத்துவிடும் என்ற அச்சம். அணுமின்சாரம் வேண்டுமென்போரும் இச்சபையில் உளர். அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. கடலில் நிற்பது துரோகமா என்பதே என் கேள்வி. 2013 இல் உலைக்கு அனுமதியளித்த உச்ச நீதிமன்றமே வழக்குகளை மீளப்பெற முயலுமாறு பணித்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் சில வழக்குகள் இழுபட்டன.