ஊறுபட்டார்க்கு ஈடு: அருளன்று, கடன்



சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வார்க்கு இழப்பீடு என்னும் சொல் புதிதன்று. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் சரக்குந்துத் தொழிலோடு தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்டல் அரிது. திருச்செங்கோட்டு ஆழ்துளைப் பொறிவண்டிகள் வடபுலத்து ஊர்களிலும் நிலத்தைத் துளைக்கின்றன. எனவே, உந்து நேர்ச்சியில் ஒருவர் மாண்டால் அவர்தம் குடும்பத்திற்குச் சட்டம் தருவது யாது என்பதை இவ்வெளியில் தேநீர்க்கடையில் அமர்ந்திருப்பாரும் அறிவர். யார்மேல் தவறு என்று மெய்ப்பிக்காமலேயே ஒரு தொகை பெறும் உரிமையை 1982ஆம் ஆண்டுத் திருத்தம் உந்துச் சட்டத்தில் சேர்த்தது. அன்று இறப்புக்கு 15,000 உருபா. நிலையான உறுப்புக்குறைக்கு 7,500 உருபா. 2019இல் திருத்தப்பெற்று, 2022 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த பிரிவின்படி இறப்புக்கு 5 இலக்கம். கொடுங்காயத்திற்கு 2½ இலக்கம்.

கோழிப்பண்ணை நடத்துவார்க்கும் இச்சொல் தெரியும். 2006 பிப்பிரவரியில் மகாராட்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபொழுது நாமக்கல் முட்டை வணிகம் ஆட்டங்கண்டதை எவரும் மறந்திலர். அந்நோய் பரவாமைப்பொருட்டு அரசு கொன்று புதைக்கும் கோழிகளுக்கு, ஒன்றிய அரசும் மாநில அரசும் செம்பாதியாகப் பகிர்ந்து, உடையவர்க்கு ஈடு வழங்கும் ஏற்பாடு உண்டு. ஊர்நலம் கருதி ஒருவர்தம் உடைமை அழிக்கப்பட்டது. ஆகலின் ஊர்ப்பணத்தினின்று ஈடு. இது முறையே, எவரும் குறைகூறார்.

இனி ஒரு வினா. அதே ஊர்நலம் கருதி ஊசி போடப்பெற்ற ஒரு குழந்தை, அவ்வூசியாலேயே கைகால் முடங்கிப்போனால் அதற்கு ஈடு எது? இந்திய நாடாளுமன்றம் உந்துக்கெனச் சட்டம் செய்தது. நச்சுவளி ஆலைகளுக்கெனப் போபாலுக்குப் பின் 1991இல் தவறு மெய்ப்பிக்க வேண்டாத காப்பீட்டுச் சட்டம் செய்தது. தடுப்பூசியால் ஊறுபட்டார்க்கென ஒரு தனிச்சட்டம் செய்ததில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்கல் வேண்டும். இது தடுப்பூசியைப் பழிக்கும் பேச்சன்று. ஊர் ஊராகப் பிணம் குவித்த பெரியம்மை 1975 மே திங்களுக்குப் பின் இந்திய மண்ணில் பரவவில்லை; 1980இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை முடக்கநோய் 2011 சனவரியோடு இந்தியாவில் நின்றது. 2014 மார்ச்சில் உலக நலவாழ்வு அமைப்பு அதற்குச் சான்றளித்தது. ஊசி வேண்டா என்பார் இவ்வெற்றியை மறந்தவராவர். ஆயின், ஊசியால் எவர்க்கும் ஒருதீங்கும் நேராது என்பாரும் உண்மை உரையாதவரே.

அறிவியல் இதை மறைத்ததில்லை. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பதை அகவை முதிர்ந்தோர் நன்கறிவர். குன்னூரில் 1907இல் நிறுவப்பெற்ற பாசுச்சர் நிலையம் செய்து வழங்கிய அம்மருந்து, ஆட்டுமூளையினின்று ஆக்கப்பட்டது. அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. மிகச் சிலரை நரம்பழற்சியால் முடமாக்கவும் செய்தது. மருத்துவர் அதனை அறிந்தே இட்டனர். வேறு மருந்து எளிதிற் கிட்டாமையின் இட்டனர். 2004ஆம் ஆண்டு இறுதியிலேதான் இந்தியா அம்மருந்தைக் கைவிட்டது. வாய்வழிச் சொட்டுமருந்தும் அத்தகையதே. அதன்கண் உள்ள உயிர்ப்புடைய நச்சுயிரி, பல இலக்கத்தில் ஒரு குழந்தைக்கு அந்நோயையே தந்துவிடும்.

ஆகவே, ஊசி இடும் அரசுக்கு ஒன்று முன்கூட்டியே தெரியும்: இத்துணை இலக்கம் பேர்க்கு இட்டால் இத்துணைப் பேர் ஊறுபடுவர். யார் அவர் என்பது மட்டும் தெரியாது. எல்லார்க்கும் வரும் நன்மைக்குரிய விலையை எவரோ ஒரு தாயின் பிள்ளை தன் உடலால் செலுத்துகின்றது. அங்ஙனம் செலுத்தியவர்க்கு மற்றையோர் கடன்பட்டவர் ஆகாரோ?

இக்கடனைத் தமிழர் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. பழைய சேலம் மாவட்டத்தின் கூறாயிருந்து 1965இல் பிரிந்த தருமபுரிப் பகுதியில் நடுகற்கள் நிறைந்துள்ளன. ஊரின் ஆநிரையை மீட்கும் பூசலில் பட்ட மறவனுக்கு ஊரார் கல்லெடுத்தனர், கல்லெடுத்ததோடு நின்றாரல்லர். அவன் சிந்திய குருதிக்கு ஈடாக அவன் வழியினர்க்கு நிலம் விட்டனர். அந்நிலத்திற்கு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்பது குருதி. அந்நிலம் ஏழைக்கிட்ட பிச்சையன்று. மறவன் தவறாகப் போரிட்டானா என்று உசாவிக் கொடுத்ததுமன்று. ஊருக்காகக் குருதி சிந்தினான். ஊர் அவன் குடியைத் தாங்கிற்று. அவ்வளவே அதன் கணக்கு.

இதே கருத்தைச் செருமனியின் தலைமை வழக்குமன்றம் 1953இல் உரைத்தது. பொதுநலத்திற்கெனக் கட்டாயமாக இடப்பட்ட பெரியம்மைத் தடுப்பூசியால் ஊறுபட்டவர் பொதுமைக்காக ஈகம் செய்தவர். ஆகலின் பொதுமை அவர்க்கு ஈடு தரல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1961இல் அது சட்டமாயிற்று. இங்கிலாந்தில் பெற்றோர் தாமே கழகம் கூட்டிப் போராடி 1979இல் தடுப்பூசி ஊறுக்குரிய சட்டத்தைப் பெற்றனர். தொடக்கத்தில் 10,000 பவுண்டு. 2007 முதல் 1,20,000 பவுண்டு. ஆயினும், உடலூறு நூற்றுக்கு அறுபது விழுக்காடு இருந்தாலன்றி ஒரு காசும் இல்லை என்னும் கடுமை அச்சட்டத்தின் குறை.

அமெரிக்காவின் பட்டறிவு இன்னும் தெளிவானது. 1955இல் கட்டர் என்னும் நிறுவனம் செய்த முடக்கநோய்த் தடுப்பூசியில் நச்சுயிரி சாகாமல் தங்கிவிட்டது; ஏறத்தாழ 200 பேர் முடமாயினர், 10 பேர் மாண்டனர். 1958இல் வழக்கைக் கேட்ட நடுவர்குழு, நிறுவனம் கவனக்குறைவாக நடந்ததாகக் கொள்ளவில்லை. ஆயினும், விற்ற பொருள் தீங்கற்றதாய் இருத்தல் வேண்டும் என்னும் பொறுப்பினின்று அது தப்பாது என்று ஈடு தரச் சொல்லிற்று. பிற்காலத்தே வழக்குகள் பெருகின; மருந்து செய்வார் தொழிலை விட்டு விலகத் தொடங்கினர். ஆகவே, 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு முக்கால் தாலர் வரியாகப் பெற்று, அத்தொகையினின்று ஊறுபட்டார்க்கு ஈடு வழங்கப்படுகின்றது. குழந்தைக்கும் காப்பு, ஊசி செய்வாருக்கும் காப்பு, ஊசியின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்கும் காப்பு.

இந்தியாவில் நிலை யாது? ஏத்தாப்பூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரின் பிள்ளைக்கு ஊறு நேர்ந்ததாகக் கொள்க. நுகர்வோர் மன்றம் செல்லலாமா? எல்லார்க்கும் விலையின்றி மருத்துவம் செய்யும் அரசு மருத்துவமனையின் பணி, நுகர்வோர் சட்டத்தின்கண் அடங்காது என்று உச்ச வழக்குமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. காசு கொடுத்துப் போட்டவர் நுகர்வோர். அரசை நம்பிப் போட்டவர் நுகர்வோர் அல்லர்! எஞ்சியது உரிமையியல் வழக்கு. அதற்குக் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். செவிலியும் தவறவில்லை, மருந்தும் கெடவில்லை, ஆயினும் பிள்ளை முடங்கிற்று எனில், எவருடைய கவனக்குறைவை அத்தந்தை மெய்ப்பிப்பார்? மெய்ப்பிக்க மருத்துவ வல்லுநரை எங்கே தேடுவார்?

புதுமருந்தை ஆய்வுநிலையில் தம் உடலில் ஏற்பார்க்கு மட்டும் ஒரு வழியுண்டு. 2013இல் வகுத்து, 2019இல் புதுக்கிய மருந்தாய்வு நெறிகள், ஆய்வால் நேர்ந்த ஊறுக்கு ஆய்வு நடத்துவாரே ஈடு தரல் வேண்டும் என்கின்றன. அவ்வழியும் எளிதன்று. 2020 அக்டோபரில் சென்னையில் கோவிசீல்டு ஆய்வில் ஊசி ஏற்ற ஒருவர், தமக்கு நரம்பு மூளை சார்ந்த ஊறு நேர்ந்தது என்று 5 கோடி உருபா கேட்டு அறிவிப்பு விடுத்தார். ஊறுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற சீரம் நிறுவனம், அவர்மேல் 100 கோடிக்கு மேல் கேட்டு வழக்காடுவோம் என்று மறுமொழி தந்தது. எவர் கூற்று மெய் என்பது வேறு. தனியொருவர் ஒரு பேரிணையத்தோடு நேர்நின்று போராட வேண்டிய அமைப்பே பிழை என்க.

மகுடைப் பெருந்தொற்றுக் காலத்தில் வினா இன்னும் கூர்மையுற்றது. உடலின்மேல் உரிமை உடையவர்க்கே. எவரையும் வலிந்து ஊசி ஏற்கச் செய்தல் ஆகாது என்று 2022 மே 2ஆம் நாள் உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. ஊறுபற்றிய செய்திகளைப் பொதுமக்கள் அறிய வெளியிடுமாறும் அது பணித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கேரள உயர் வழக்குமன்றம், ஊசிக்குப் பின் மாண்டார் குடும்பத்திற்கு ஈடு தரும் நெறி வகுக்க ஆணையிட்டது. அவ்வழக்கும் பின்னர் உச்ச வழக்குமன்றம் சென்றது. ஆங்கே, மகளிரை இழந்த பெற்றோர் தொடுத்த வேறொரு வழக்கில், 2022 நவம்பரில் ஒன்றிய அரசு தந்த விடை இது: ஊசி ஏற்றல் அவரவர் விருப்பம், அரசு அதற்குப் பொறுப்பாகாது, வேண்டுமாயின் உரிமையியல் மன்றம் செல்லலாம்.

விருப்பமாம்! ஊசிச் சான்றில்லாதவர் சந்தைக்கும் கடைக்கும் திரையரங்கிற்கும் வரலாகாது என்று மாவட்ட ஆட்சியர் பலர் ஆணையிட்ட காலம் அது. ஊசி இடும்பொழுது நாட்டுக்கடமை. ஊறு நேர்ந்தபின் தனிவிருப்பம் என்பது எந்த அறநூலின் நெறி?

செலவு தாங்காது என்பார்க்கு அரசின் கணக்கே விடை கூறும். அவ்வாவணத்தின்படி 2022 நவம்பர் 19 வரை போடப்பட்ட ஊசி 219.86 கோடி, கடுமையானவையாகப் பதிவான நிகழ்வு 2,782. அவற்றுள் ஊசியால் நேராதனவும் உண்டு. ஆயினும், ஒன்றுவிடாமல் எல்லார்க்கும் உந்து நேர்ச்சி இறப்புக்குரிய 5 இலக்கம் தருவதாக வைத்துக்கொள்க. மொத்தம் 139 கோடியே 10 இலக்கம். ஊசி ஒன்றுக்குப் பகிர்ந்தால் 63 காசு! பதிவாகாதன பத்துமடங்கு உண்டென்று கொண்டாலும் ஊசிக்கு ஏழு உருபா எட்டாது. தடுப்பூசி பெரிதும் தீங்கற்றது என்று அரசு சொல்வது மெய்யாயின், ஈடு தருவதும் எளிதாதல் வேண்டும். தீங்கு அரிது என்று பெருமை பேசிவிட்டு, அவ்வரிய சிலர்க்குத் தர மறுத்தல் தன்னைத்தானே மறுப்பதாகும்.

ஒப்புதல் பற்றியும் ஒரு சொல். 2009இல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குரிய தடுப்பூசி பள்ளிச் சிறுமியர்க்குப் போடப்பட்டது. அதனை ஆராய்ந்து 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கை, அங்குப் பெறப்பட்ட 9,543 ஒப்புதல் தாள்களுள் 1,948இல் கைநாட்டும், 2,763இல் விடுதிக் காப்பாளரின் கையொப்பமும் இருந்தன என்று காட்டிற்று. பெற்ற தாய் அறியாமல் காப்பாளர் இட்ட கையொப்பம் ஒப்புதலாகுமோ? ஊசியின் நன்மையும் தீங்கும் தாய்க்குத் தெரிந்த மொழியில், தமிழ்நாட்டில் தமிழில், சொல்லப்படாதவரை ஒப்புதல் என்பது வெறுந்தாளே. ஈடு கேட்கும் விண்ணப்பமும் அத்தகையதே. வேற்றுமொழியில் எழுதினாலன்றிக் கிட்டாத உரிமை, ஏழைக்கு இல்லாத உரிமை.

ஆகவே வேண்டப்படுவன நான்கு. முதலாவது, தவறு மெய்ப்பிக்க வேண்டாத ஈட்டுச் சட்டம். இரண்டாவது, ஊசிதோறும் சிறுதொகை ஒதுக்கித் திரட்டும் பொது வைப்பு. மூன்றாவது, மருத்துவரும் நடுவரும் அமர்ந்து, குறித்த காலத்துள் முடிவுரைக்கும் குழு மாவட்டந்தோறும். நடிகர் விவேக்கு 2021 ஏப்பிரலில் ஊசி ஏற்ற இரண்டாம் நாள் மாண்டபொழுது, ஒன்றியக் குழு ஆராய்ந்து, சாவுக்கு ஊசி கரணியமன்று என்று அக்டோபரில் அறிவித்தது. ஊரார் ஐயம் தீர்ந்தது. புகழுடையார்க்குக் கிட்டிய அந்த ஆராய்வு கூலியாளின் பிள்ளைக்கும் கிட்டுதல் வேண்டும். ஐயம் இருபுறமும் ஒத்து நிற்கும்பொழுது அது ஊறுபட்டார் பக்கமே சாய்தல் வேண்டும். நான்காவது, ஒப்புதல் முதல் தீர்ப்பு வரை யாவும் தமிழில்.

அவையோரே! ஊசி இடும் செவிலி ஊருக்குள் வருங்கால் கதவடையாதீர். குழந்தையைக் கொண்டு காட்டுங்கள். அதே நேரத்தில், ஊர்மன்றக் கூட்டத்தில் இந்நான்கையும் தீர்மானமாக எழுதிச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்க்கு விடுங்கள். உந்து நேர்ச்சிக்குச் சட்டம் உண்டு. பண்ணைக்கோழிக்கு ஈடு உண்டு. பேசத் தெரியாத குழந்தைக்காகக் கேட்கவேண்டியவர் பெற்றோரும் ஊராருமே.