கரும்பாலை அடிமைகள் எழுதிய ஒப்பந்தம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரேசில் என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் நினைவுக்கு வரும். நமக்கு நினைவு வர வேண்டியது பால் மரம். நாம் சீவும் மரத்துக்குத் தாய்நாடு அதுதான். 1876ல் அங்கிருந்து விதை லண்டனுக்குப் போயிற்று. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரில் வந்து இறங்கின. மரம் வந்த கதை போதும். இன்று நான் சொல்ல வந்தது, அந்நாட்டில் ரப்பருக்கு முன்பே கரும்பில் உழைத்தவர்களின் கதை.

ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, கப்பலில் சாகாமல் தப்பி, பிரேசில் கரையில் இறக்கப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 48 இலட்சம் பேர். கரும்பு அரைக்கும் பருவம் ஆண்டில் எட்டு ஒன்பது மாதம். ஆலை இரவும் ஓடும். உருளைகளுக்கு இடையே கரும்பைக் கொடுப்பது பெண்கள் வேலை. தூக்கக் கலக்கத்தில் கை சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? அதற்காகவே பக்கத்தில் ஒரு கோடரி வைத்திருப்பார்கள். உருளையை உடைக்க அல்ல, கையை வெட்ட!

இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஓடிப்போனவர்கள் ஏராளம். பல்மாரேஸ் என்ற மலைக்காட்டில் ஊர்களே அமைத்துப் பல்லாண்டு எதிர்த்து நின்றார்கள். அவர்கள் தலைவன் சும்பி 1695 நவம்பர் 20ல் கொல்லப்பட்டான். அந்த நாள் 2024 முதல் பிரேசில் முழுவதற்கும் விடுமுறை நாள். ஆனால் தொழிற்சங்கக்காரனாகிய என் மனத்தில் தைத்தது வேறொரு சம்பவம்.

பாஹியா என்ற பகுதியில் இல்யேவுஸ் ஊருக்கு அருகே சந்தானா என்று ஒரு கரும்பாலை. அடிமைகள் சுமார் 300 பேர். 1789 வாக்கில் அவர்களில் ஒரு கூட்டத்தார் சர்க்கரை மேஸ்திரியைக் கொன்றுவிட்டு, ஆலையின் இரும்புச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். கொலையைப் புகழ நான் இங்கே நிற்கவில்லை. அந்த இரும்புச் சாமானைப் பாருங்கள் என்கிறேன். அது இல்லாமல் ஆலை எப்படி ஓடும்? இரண்டு ஆண்டு ஆலை படுத்துவிட்டது. பிறகு காட்டிலிருந்தே முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. எங்களுக்குச் சண்டை வேண்டாம், சமாதானந்தான் வேண்டும், ஆனால் இன்ன நிபந்தனைகளின்மேல் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

வெள்ளியும் சனியும் எங்கள் சொந்த வேலைக்கு விட வேண்டும். இடையில் திருநாள் வந்தது என்று அதைக் கழிக்கக் கூடாது. மீன் பிடிக்க வலையும் தோணியும் தர வேண்டும். எங்கள் விளைச்சலை நகரத்துக்குக் கொண்டுபோக ஒரு பெரிய படகு வேண்டும். கூலி கொடுக்க மாட்டோம். நமக்கு நிரைக் கணக்கு இருப்பது போல் அவர்களுக்குக் கரும்பு வெட்ட ‘கை’ என்று ஓர் அளவு. நாளைக்கு ஆறு கை வெட்டுவதை ஐந்தாகக் குறைக்க வேண்டும், கட்டுக்குப் பத்துக் கரும்புதான். நெல்லை எந்தச் சதுப்பில் வேண்டுமானாலும் விதைப்போம். இப்போதுள்ள மேற்பார்வையாளர்கள் வேண்டாம். புதிதாக வைப்பவர்களை எங்கள் சம்மதத்தோடு வையுங்கள். எடுத்துப்போன இரும்புச் சாமான் எங்கள் கையிலேயே இருக்கும்!

தோழர்களே, ‘எங்கள் சம்மதத்தோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டத்தின் கண்ணில் மாடு கன்றோடு சேர்த்து எண்ணப்பட்டவர்கள் எழுதியது இது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிப்பி பொறுக்குவது சேற்றில் நின்று செய்யும் கேவலமான வேலை. அதற்கு எங்களை அனுப்பாதீர்கள், மினா ஆட்களை அனுப்புங்கள் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. மினா என்பவர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த அடிமைகள். தன்னைப்போல் விலங்கு பூண்டவன் தலையிலேயே கஷ்டத்தை ஏற்றிவிட்டார்கள். ஊர், சாதி, கட்சி என்று பிரிந்து நின்ற கூட்டங்களை நாமும் பார்த்தவர்கள்தானே!

கடைசி நிபந்தனைதான் என்னை உலுக்கியது. நாங்கள் விரும்பும்போது விளையாடுவோம், இளைப்பாறுவோம், பாடுவோம். யாரும் தடுக்கக் கூடாது, யாரிடமும் அனுமதி கேட்க மாட்டோம் என்றார்கள். வேலை அளவும் பாட்டும் ஒரே தாளில் இருந்தன. பாட்டைச் சில்லறை விஷயமாக அவர்கள் நினைக்கவில்லை.

முதலாளி என்ன செய்தார்? ஒப்புக்கொண்டதாகப் பாவனை செய்தார். வஞ்சகமாகப் பிடித்தார்கள். தலைவனான கிரெகோரியோ லூயிஸ் சிறைக்குப் போனான். மற்றவர்கள் தூரதேசமான மாரன்யாவோவுக்கு விற்கப்பட்டார்கள். ஆனால் 1821ல் அதே ஆலையில் மறுபடியும் எழுச்சி! 1824 வரை ஆலை அடிமைகள் வசமே இருந்தது.

1857ல் பாஹியாவின் தலைநகரான சல்வதோரில் நடந்ததையும் கேளுங்கள். அந்த மேட்டு நகரத்தில் பாரமெல்லாம் மனிதர் தலையிலும் தோளிலும்தான். சுமப்பவர்கள் பதிந்து பணம் கட்ட வேண்டும், எண் போட்ட தகட்டைக் கழுத்தில் மாட்ட வேண்டும் என்று நகராட்சி உத்தரவு போட்டது. ஜூன் முதல் தேதி சுமை தூக்க ஆளில்லை. அடிமையும், விடுதலை பெற்றவனும் சேர்ந்தே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஊர் ஸ்தம்பித்தது. கட்டணம் ரத்தாயிற்று, தகடு மட்டும் நின்றது. இவர்கள் கூடியிருந்த தெருமுனைக்கும், அங்கே சேர்ந்த குழுவுக்கும் ‘கான்ட்டு’ என்று பெயர். அந்தப் பாஷையில் பாட்டுக்கும் அதே சொல். சுமக்கும்போது ஒருவர் எடுக்க மற்றவர் பின்பாடுவார்களாம்.

1888 மே 13ல் அடிமைத்தனத்தை ஒழித்த சட்டத்தில் இரண்டே விதிகள். நிலமும் இல்லை, கூலிப் பாக்கியும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து வந்த தண்டனைச் சட்டமோ, அவர்களுடைய கபோயெரா என்ற ஆட்டச் சண்டையைத் தெருவில் ஆடினால் சிறை என்றது! அதே கபோயெராவை 2014ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலைச்செல்வமாகப் பதிவு செய்தது. கரும்புச் சீமையின் சம்பா வட்ட ஆட்டம் 2005லேயே யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றது. சம்பா என்றதும் நெல்லை நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டுத் தட்டைக் கத்தியால் உரசித் தாளம் எழுப்பும் ஆட்டம் அது.

கபோயெராவுக்கு வாசிப்பது பெரிம்பாவு என்ற ஒற்றைக் கம்பி வில். வில்லின் அடியில் ஒரு சுரைக்குடுக்கை. அந்தக் கம்பியை இப்போது பெரும்பாலும் பழைய மோட்டார் டயரைக் கிழித்து உருவி எடுக்கிறார்கள். யார் சீவிய பாலில் ஆன டயரோ!