கத்திரி வெயிலில் தூங்குவது எப்படி?

(மே மாத வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் என் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கோடையில் நிம்மதியாகத் தூங்குவதற்கு வழி சொல்கிறார்கள். படுக்கும் முன் குளியுங்கள், இரவில் சன்னலைத் திறந்து வையுங்கள், பருத்தி விரிப்பில் படுங்கள். ஒன்றும் தப்பில்லை, எல்லாம் சரியான யோசனைதான். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு எங்கள் காலனி வீடுதான் கண்ணில் வந்தது. தெருக்குழாயில் காலையில் அரை மணி நேரம் தண்ணீர் வரும். அதில் ராத்திரிக் குளியலுக்கு எங்கே மிச்சம் பிடிப்பது? சன்னல் ஒன்றே ஒன்று. எதிர்ச்சுவரில் திறப்பு இல்லாவிட்டால் உள்ளே வரும் காற்றுக்குப் போக வழி ஏது? பருத்தி விரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நான் டெல்டாக்காரன். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் வளர்ந்தவன். ஒரே அறை, மேலே கான்கிரீட் தளம், அதில் ஏறப் படிக்கட்டு கிடையாது. பகலெல்லாம் அந்தத் தளம் வெயிலைக் குடிக்கும், பொழுது சாய்ந்ததும் கக்கத் தொடங்கும். வெளியே ஒன்பது மணிக்குக் காற்று ஆறிவிடும். உள்ளே நடுச்சாமத்திலும் சுவரில் கை வைக்க முடியாது. மின்விசிறி அந்தச் சூட்டை அள்ளி நம் மேல் கொட்டும்.

"வெளியே படுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நாங்கள் ஆண்பிள்ளைகள் படுத்தோம். பாயைச் சுருட்டிக்கொண்டு மதகடிக்கோ எங்கள் மாரியம்மன் கோயில் வாசலுக்கோ போய்விடுவோம். அம்மா, அக்கா, அப்பாயி மூவரும் உள்ளே, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு. ஊரிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் ராத்திரியில் காலனிப் பக்கம் திரும்பினால் என்ன நடக்கும் என்ற பயம் எங்கள் பெண்களுக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. சாதியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. "பொம்பளப் புள்ள வாசல்ல படுக்குறதா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்குப் பதினாறு வயது. அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள்.

அந்த அக்கா விடியற்காலையில் எழுந்து கோடைப் பருத்தி எடுக்கப் போவாள். விரிப்பு என்றார்களே, அந்தப் பருத்திதான். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வெயிலில் குனிந்து நிற்க வேண்டும். பகலில் ஏறிய சூட்டை உடம்பு இறக்கி வைப்பது இரவில்தான். இரவும் கொதித்தால் இதயத்துக்கு ஓய்வில்லை. மறுநாள் மயங்கி விழுகிறவரைப் பார்த்து "காலையில சாப்பிடல போல" என்கிறார்கள். ராத்திரி தூங்கினாயா என்று யாரும் கேட்பதில்லை.

உடனே சில நண்பர்கள், "அதற்குத்தான் கூரை வீடு, நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று ஆரம்பிப்பார்கள். கூரை வீடு குளுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தது ஒரு கூரை வீட்டுக்குள்தான். எங்கள் அப்பாயி அந்த நெருப்பின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரி. அவர் கான்கிரீட் வீட்டுக்கு ஆசைப்பட்டது அந்தஸ்துக்காக அல்ல, கொளுத்தினால் எளிதில் பற்றாது என்பதற்காக. (2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியில் சுவர் வைத்த வீடுகளையும் எரித்துக் காட்டினார்கள் என்பது வேறு கதை.) ஊர்த்தெருவில் ஓட்டு வீடும் திண்ணையும் கொல்லையில் வேம்பும் உள்ளவருக்குக் கூரையின் குளுமை ஒரு நினைவு. எங்களுக்கு அப்படி இல்லை.

2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றியது. அடுத்து வந்த ஆட்சி பசுமை வீடு கட்டியது. இரண்டையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சதுர அடி பார்த்தவர்கள் சூட்டைப் பார்க்கவில்லை. சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் அடுக்கி வைத்தார்களே, அந்த மேல்தளத்தில் ஒரு மே மாத இரவு படுத்துப் பாருங்கள்.

எங்கள் அப்பாயி ஒரு மே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். காலையில் எழுப்பினோம், எழுந்திருக்கவில்லை. வயசாகிவிட்டது என்றார்கள், நாங்களும் அதையே சொன்னோம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்பு. ஆனால் வெயிலால்தான் செத்தார் என்று சான்றிதழ் வேண்டும். மூடிய வீட்டுக்குள் பாயில் கிடந்தபடி செத்தவருக்கு அதை யார் எழுதித் தருவார்கள்?

அகமதாபாத்தில் 2010 வெப்ப அலையில் ஏராளமானோர் இறந்த பிறகு, 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள். பிறகு ஏழைகளின் குடியிருப்புகளில் கூரைக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் விஞ்ஞானம். போன வருடம் எங்கள் காலனிப் பிள்ளைகள் சேர்ந்து அதைச் செய்தோம். தளத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு, வெயில் ஏறும் முன் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. மழையில் கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். "முன்னெல்லாம் ரெண்டு மணிக்குத்தான் கண்ணு அசரும். இப்ப பதினோரு மணிக்கே அசந்துடுது" என்றார் அம்மா.

இந்த மே 1 கிராமசபையில் மனு கொடுத்தோம். தொகுப்பு வீடுகளுக்கு எதிர்ச்சுவரில் சன்னல், தளத்துக்குப் படி, சுண்ணாம்புச் செலவு, காலனிப் பாதையில் விளக்கு. "தூங்கறதுக்கெல்லாமா தீர்மானம் போடுவாங்க?" என்று ஒருவர் சிரித்தார். கூட்டத்தில் பாதிப்பேர் சேர்ந்து சிரித்தார்கள். அக்கா எழுந்தாள். "நீங்க எந்த எடத்துல படுக்குறீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் வரவில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் காலனியில் இன்னும் பதினான்கு வீடுகள் பாக்கி. சுண்ணாம்பு வாங்கியாகிவிட்டது. படிக்கட்டு இல்லாத தளம் என்று சொன்னேன் அல்லவா, எங்களிடம் இருப்பது ஒரே ஏணி. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறோம். ஏணி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.