நாடிழந்த விமானிகள்

1939 செப்டம்பர் முதல் நாளன்று ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. சில வாரங்களில் நாடு வீழ்ந்தது. ஆயினும் விமானிகள் பலர் ருமேனியா, ஹங்கேரி வழியாகத் தப்பிப் பிரான்ஸை அடைந்தனர். 1940 ஜூனில் அதுவும் சரணடையவே, பிரிட்டனுக்குச் சென்றனர்.

அங்கே அவர்களை உடனே போருக்கு அனுப்ப அதிகாரிகள் தயங்கினர். தயக்கம் நியாயமற்றதன்று. தரையிலிருந்து ரேடியோவில் வரும் ஆங்கிலக் கட்டளை விளங்காவிடில் வானத்தில் விமானி குருடனே. கிலோமீட்டரில் பழகியவர்கள் மைல் கணக்கையும் கற்க வேண்டியிருந்தது.

ஆகஸ்டு 30 அன்று நார்தோல்ட் தளத்தின் 303-ஆம் படைப்பிரிவு பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்தது. லுட்விக் பாஷ்கியேவிச் என்பவர் பகை விமானமொன்றைக் கண்டார். அணியைவிட்டு விலகிச் சென்று அதை வீழ்த்தினார். ஒழுங்கு மீறல்தான்! எனினும் மறுநாளே அப்பிரிவு போரில் இறக்கப்பட்டது. பாஷ்கியேவிச் செப்டம்பர் 27-இல் போரில் மாண்டார்.

பிரிட்டன் வான்போரில் 126 விமானங்களை வீழ்த்தியதாக அப்பிரிவினர் கணக்குக் காட்டினர். பிற்கால ஆய்வாளர்கள் இதனைக் குறைத்தே மதிப்பிடுவர். குறைத்த பின்னும் அது பெருந்தொகையே.

1945-இல் போர் முடிந்தது. போலந்தோ சோவியத் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. 1946 ஜூன் 8-இல் லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்புக்கு இவ்விமானிகளுள் சிலரை மட்டும் அழைத்தனர். தரைப்படைத் தோழர்களுக்கு அழைப்பில்லை என்பதால் அவர்களும் செல்ல மறுத்தனர். பலர் தாயகம் திரும்பவேயில்லை. புகழ்பெற்ற விமானியான ஸ்டானிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி 1947-இல் திரும்பினார். மறு ஆண்டே ஒற்றர் என்று சிறைப்பட்டு, மரண தண்டனையும் பெற்றார். பின்னர் அத்தண்டனை குறைக்கப்பட்டது. 1956-இல்தான் அவர் வெளியே வந்தார்.